சாலை நெரிசலை அளப்பது எப்படி? ஒரு சென்னைச் சாலையை வைத்துத் தொடக்கப் பாடம்

வழிகாட்டி வரைபட நிறுவனமான டாம்டாமின் 2019-ஆம் ஆண்டுக்கான உலக நெரிசல் பட்டியலில் பெங்களூருக்கு முதலிடம். நெரிசல் இல்லாதபோது ஆகும் நேரத்தைவிட அங்கே சராசரியாக 71 சதவீதம் கூடுதலாக ஆகிறது என்றது அந்தப் பட்டியல். அதே நிறுவனத்தின் 2023 பட்டியலில் முதலிடம் லண்டனுக்குப் போனது, பெங்களூரு ஆறாவது இடத்துக்கு இறங்கியது. நாலு வருடத்தில், நெரிசலுக்குப் பெயர்போன பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு சரியாகிவிட்டதா என்று கேட்டால் அங்கே தினமும் போகிறவர்கள் சிரிப்பார்கள். மாறியது அளவுகோல்தான். முன்பு "சாலை காலியாக இருக்கும்போது ஆவதைவிட எத்தனை சதவீதம் அதிகம்" என்று வரிசைப்படுத்தினார்கள். பிறகு "10 கிலோமீட்டர் போக எத்தனை நிமிடம்" என்று மாற்றிவிட்டார்கள். 2023 கணக்கில் லண்டனுக்கு 37 நிமிடம் 20 விநாடி, பெங்களூருக்கு 28 நிமிடம் 10 விநாடி. லண்டனின் உட்பகுதித் தெருக்கள் பலவற்றில் வேக வரம்பே மணிக்கு 20 மைல். ஈ காக்கை இல்லாத நேரத்தில் எங்கும் நிற்காமல் போனாலும் அங்கே 10 கிலோமீட்டருக்கு 19 நிமிடம் பிடிக்கும்.

நெரிசலை அளக்க இறங்குகிற எவரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. நெரிசல் என்பது ஓர் ஒப்பீடு. எதோடு ஒப்பிட்டீர்கள் என்று சொல்லாத நெரிசல் எண்ணை யார் கொடுத்தாலும் நம்ப வேண்டாம், நீங்களும் கொடுக்க வேண்டாம்.

குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மனு எழுதுகிறவர், புராஜெக்ட் செய்கிற சிவில் மாணவர், உள்ளூர்ச் செய்தி எழுதுகிறவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இரண்டு மூன்று பேர், ஸ்மார்ட்போன், ஒரு நோட்டு இருந்தால் போதும். எடுத்துக்காட்டுக்குச் சென்னை சர்தார் படேல் சாலையை வைத்துக்கொள்வோம்: கிண்டி ஹால்டா பக்கம் தொடங்கி ராஜ்பவன், காந்தி மண்டபம், ஐ.ஐ.டி. வாசல் வழியாக மத்திய கைலாஷ் வரை. பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) உள்ள கம்பெனிகளுக்குப் போகிற கூட்டத்தில் பெரும்பகுதி காலையில் இந்த வழியாகத்தான் போகும். கீழே வரும் வண்டி எண்ணிக்கைகளும் நிமிடங்களும் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நானே வைத்துக்கொண்டவை. அந்தச் சாலையில் எடுத்த அளவுகள் என்று எங்கும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"எங்கள் ரோட்டில் டிராஃபிக் அதிகம்" என்பது புலம்பல். அதை அளக்க முடியாது. "வார நாள் காலை 8.30 முதல் 10 மணி வரை, கிண்டியிலிருந்து மத்திய கைலாஷ் போகிற ஒரு காருக்கு எத்தனை நிமிடம் கூடுதலாக ஆகிறது?" என்பதை அளக்கலாம். இடம், திசை, நேரம், யாருடைய பயணம் என நாலும் அதில் இருக்கின்றன. திசையை விட்டுவிடாதீர்கள். காலையில் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கும்போது எதிர்ப்பக்கம் வண்டிகள் பறந்துகொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் அது எந்தப் பக்கத்து ஆளுக்கும் பொருந்தாது.

அளக்கப்போகும் நீளத்தின் தொடக்கப் புள்ளியை உட்கார்ந்த இடத்திலிருந்து வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஒரு நாள் பீக் ஹவரில் போய், நிற்கிற வண்டிகளின் வால் எதுவரை நீள்கிறது என்று பாருங்கள். அந்த வாலுக்கும் பின்னால் தொடக்கப் புள்ளியை வையுங்கள். வரிசையின் நடுவில் தொடங்கினால், உங்கள் எல்லைக்குள் வருவதற்கு முன்பே அந்த வண்டி பத்து நிமிடம் நின்றிருக்கும், அது உங்கள் கணக்கில் வரவே வராது. முடிவுப் புள்ளியைக் கடைசி சிக்னலைத் தாண்டி வையுங்கள்.

2. எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

வழக்கமான பதில், தடையில்லாமல் ஓடும்போது ஆகிற நேரம். பீக் ஹவரில் ஆகிற நேரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பயண நேரக் குறியீடு. 1 என்றால் நெரிசல் இல்லை, 2 என்றால் இரட்டிப்பு நேரம். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் போக்குவரத்து ஆய்வு நிலையம் பல வருடங்களாக நகரங்களை ஒப்பிடப் பயன்படுத்துகிற அளவு இது.

ஆனால் தடையில்லாத நேரம் எது? இங்கேதான் கை நழுவும். அதிகாலை 4 மணிக்கு சர்தார் படேல் சாலையில் பாதி பேர் வேக வரம்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சிக்னல்களும் மஞ்சளில் மினுக்கிக்கொண்டிருக்கும். அதை அடிப்படையாக வைத்தால் பகல் முழுவதுமே நெரிசல் என்றுதான் வரும். ஒரு பேச்சுக்கு, 3 கிலோமீட்டர் நீளம், காலைப் பீக்கில் 13.5 நிமிடம் ஆகிறது என்று வைப்போம். அதிகாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் 4.5 நிமிடம். குறியீடு 3. நகரச் சாலைக்கு 30 கிலோமீட்டர் வேகம் நியாயம் என்று எடுத்தால் 6 நிமிடம், குறியீடு 2.25. சிக்னல்களெல்லாம் வேலை செய்கிற மதியம் 12 மணிக்கு 9 நிமிடம் ஆகிறது என்றால், அதோடு ஒப்பிட்டால் 1.5. அதே சாலை, அதே காலை, மூன்று எண்கள். மூன்றும் சரி.

நான் மதிய நேரத்தின் பக்கம். சாலையில் சிக்னல் இருப்பது குற்றமில்லை, நடந்து கடக்கிறவர்களுக்கு அது வேண்டும். சிக்னலில் நிற்கும் நியாயமான நேரத்தையும் நெரிசல் என்று எழுதினால், தீர்வாகக் கடைசியில் மேம்பாலம்தான் வந்து நிற்கும். ஆனால் பிற ஊர்களோடு ஒப்பிட வேண்டுமென்றால் அதிகாலை அளவும் தேவைப்படும். இரண்டையும் எடுத்து இரண்டையும் எழுதுங்கள், எது எது என்று பெயரிட்டு.

3. எண்ண ஆரம்பிக்கும் முன் ஒரு பொறியைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் செய்வது சாலையோரம் நின்று வண்டிகளை எண்ணுவது. எண்ணலாம், தப்பில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து நெரிசல் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது.

ஒரு கிலோமீட்டரில் 30 வண்டிகள், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன என்றால், ஒரு மணி நேரத்தில் உங்களைக் கடப்பவை 1,200. அதே கிலோமீட்டரில் 120 வண்டிகள் நெருக்கியடித்து மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்ந்தாலும் கடப்பவை 1,200. நோட்டில் இரண்டும் ஒன்றுதான். முதல் சாலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம், இரண்டாவதில் கிளட்சை மிதித்தே கால் வலிக்கும். ஓட்டம் (ஒரு மணி நேரத்தில் கடப்பவை) என்பது அடர்த்தியை (ஒரு கிலோமீட்டரில் இருப்பவை) வேகத்தால் பெருக்கியது. ஆகவே ஒரே ஓட்டம் இரண்டு விதமான சாலைகளில் கிடைக்கும். 1930-களில் அமெரிக்காவின் ஒஹையோவில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற பொறியாளர் சாலையோரத்தில் கேமராவை வைத்துப் படமெடுத்து, அடர்த்தி கூடக் கூட வேகம் எப்படிக் குறைகிறது என்று காட்டினார். இன்றும் போக்குவரத்துப் பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. மத்திய கைலாஷ் சிக்னலின் நிறுத்தக் கோட்டில் நின்று, ஒரு மணி நேரத்தில் கடந்தவை 1,200 வண்டிகள் என்று எழுதுகிறீர்கள். "அப்படியானால் 1,200 வண்டிகள்தான் வருகின்றன" என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த சிக்னல் 1,200-ஐத்தான் விட்டது என்று பொருள். அந்த ஒரு மணி நேரத்தில் பின்னால் வரிசை 300 வண்டிகள் அளவுக்கு நீண்டிருந்தால், வந்தவை 1,500. அதனால் எண்ணுகிறவர் ஒருவர் என்றால், வரிசையின் வாலைக் கவனிக்கிறவர் இன்னொருவர் வேண்டும். ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் வால் எந்தக் கட்டடத்தின் எதிரே இருக்கிறது என்று குறித்தாலே போதும், "காந்தி மண்டப வாசல்" என்பது போல. நெரிசலான நேரத்தில் நிறுத்தக் கோட்டில் மட்டும் எண்ணிவிட்டு "டிராஃபிக் குறைந்திருக்கிறது" என்று அறிக்கை எழுதுவது எளிது. எதிரே மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்துச் சாலையைப் பாதியாக்கினால் எண்ணிக்கை நிச்சயம் குறையும்.

4. வண்டிகளை எண்ணும் முறை

15 நிமிடக் கட்டங்களாக எண்ணுங்கள். மொத்தமாக ஒரு மணி நேரத்துக்கு ஒரே எண் வைத்தால் நடுவில் 9.15 மணிக்கு வந்த அலை கரைந்துபோகும். நடைமேம்பாலத்தின் மேலிருந்து வீடியோ எடுத்து, வீட்டுக்கு வந்து மெதுவாக ஓட்டி எண்ணுவதுதான் சுலபம். நேரடியாக எண்ணினால் ஒருவருக்கு இரண்டு வகை வண்டிகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். சென்டர் மீடியனில் நிற்க வேண்டாம். ராஜ்பவன் பக்கத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றால் காவலர் வந்து விசாரிப்பார், வேறு இடம் பாருங்கள்.

எண்ணியதை அப்படியே கூட்டக்கூடாது, பஸ்ஸும் ஸ்கூட்டரும் ஒரே இடத்தை அடைப்பதில்லை. எல்லாவற்றையும் காருக்கு ஈடாக மாற்றுகிற அலகுக்கு பி.சி.யு. என்று பெயர். நகரச் சாலைகளுக்கு இந்திய சாலைப் பேராயம் 1990-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 106 என்ற வழிகாட்டியில் மதிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் இரண்டு மதிப்பு. மொத்த வண்டிகளில் அந்த வகை 5 சதவீதம் அளவில் இருந்தால் ஒன்று, 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் இன்னொன்று. டூவீலருக்கு 0.5 அல்லது 0.75, கார் எப்போதும் 1, ஆட்டோ 1.2 அல்லது 2, சிறிய சரக்கு வண்டி 1.4 அல்லது 2, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2.2 அல்லது 3.7, சைக்கிளுக்கு 0.4 அல்லது 0.5.

15 நிமிடத்தில் 400 டூவீலர், 130 கார், 60 ஆட்டோ, 10 பஸ் என்று வைப்போம், மொத்தம் 600. டூவீலர் 10 சதவீதத்துக்கு மேல், அதனால் 400-ஐ 0.75-ஆல் பெருக்க 300. கார் 130. ஆட்டோ சரியாக 10 சதவீதம், 60-ஐ 2-ஆல் பெருக்க 120. பஸ் 5 சதவீதத்துக்கும் கீழே, 10-ஐ 2.2-ஆல் பெருக்க 22. கூட்டினால் 572. மணிக்கு 2,288 பி.சி.யு.

இது அதிகமா குறைவா? நடுவில் தடுப்புள்ள ஆறு தட முதன்மைச் சாலைக்கு ஐ.ஆர்.சி. 106 சொல்வது இரு திசைக்கும் சேர்த்து 5,400, ஒரு திசைக்கு 2,700. நம் எண் அதில் 85 சதவீதம். "சாலையின் கொள்ளளவில் 85 சதவீதம் நிரம்பிவிட்டது" என்று உடனே தலைப்புப் போடத் தோன்றும். பொறுங்கள். அந்த 5,400 சாலையின் உச்சக் கொள்ளளவு இல்லை. ஏ முதல் எஃப் வரையிலான சேவைத் தரங்களில், ஓரளவு வசதியாக ஓட்டக்கூடிய "சி" தரத்துக்கான வடிவமைப்பு அளவு அது, உச்சக் கொள்ளளவில் ஏறக்குறைய 70 சதவீதம். உச்சத்தோடு ஒப்பிட்டால் நம் எண் 59 சதவீதம்தான். பல மாணவர் புராஜெக்ட்களில் இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கும்.

இன்னொன்று. அந்த 5,400, சாலையோரக் கட்டடங்களிலிருந்து நேரடியாக வண்டி இறங்காத, ஓரத்தில் எதுவும் நிற்காத, குறுக்கே அதிகம் யாரும் வராத சாலைக்கு. சென்னையில் அப்படி ஒரு சாலை தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். ஓரத்தில் பார்க்கிங்கும் குறுக்குப் போக்குவரத்தும் உள்ள சாலைகளுக்கு அதே வழிகாட்டி மிகக் குறைந்த எண்ணைக் கொடுக்கிறது. இரண்டு தடச் சாலையென்றால் முதன்மைச் சாலைக்கு 1,500, அப்படிப்பட்ட சாலைக்கு 900. உங்கள் சாலை எந்த வகை என்பதைப் பலகையில் உள்ள பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஓரத்தில் நடப்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2017-இல் மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் தலைமையில் இந்தியாவுக்கென்றே சாலைக் கொள்ளளவுக் கையேடு ஒன்று வெளிவந்திருக்கிறது. கல்லூரி நூலகத்தில் கிடைத்தால் அதையும் பாருங்கள், மதிப்புகள் புதியவை. எதைப் பயன்படுத்தினாலும் பி.சி.யு.வின் இரண்டாவது தசமத்தை நம்பிச் சண்டை போடாதீர்கள். சிவப்பு விளக்கில் கார்களுக்கு நடுவே நுழைந்து முன்னால் போய் நிற்கிற ஸ்கூட்டர் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை எந்த அட்டவணையும் துல்லியமாகச் சொல்லிவிடாது.

5. பயண நேரத்தை எடுப்பது

நேரம் குறைவாக இருந்து ஒன்றே ஒன்றைத்தான் அளக்க முடியும் என்றால் இதை அளங்கள். நெரிசலில் மாட்டியவருக்குத் தெரிவது நேரம் மட்டும்தான்.

முதல் வழி, நீங்களே ஓட்டுவது. உங்களை எத்தனை வண்டி முந்துகிறதோ ஏறக்குறைய அத்தனையை நீங்களும் முந்திச் செல்லுங்கள், அப்போதுதான் உங்கள் வண்டி சராசரி வண்டியாக இருக்கும். டூவீலரும் காரும் வேறு வேறு ஓட்டம், தனித்தனியாக எடுக்க வேண்டும். நேரத்தைக் குறிப்பது பின்னால் உட்கார்ந்திருப்பவர் வேலை. ஒவ்வொரு சிக்னலைத் தாண்டும்போதும் ஒரு நேரம் குறித்தால், தாமதம் எந்த இடத்தில் சேர்கிறது என்று பிறகு தெரியும்.

இரண்டாவது, நம்பர் பிளேட். தொடக்கத்தில் ஒருவர், முடிவில் ஒருவர். கடந்துபோகும் கார்களின் கடைசி நாலு எண்ணையும் நேரத்தையும் போனில் பேசிப் பதிவு செய்துகொண்டே வர வேண்டும். பிறகு இரண்டு பட்டியலையும் பொருத்தினால் ஒரே மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான பயண நேரங்கள் கிடைக்கும். நடுவில் டீக்கடைக்குப் போனவர், பெட்ரோல் போட்டவர் எல்லாம் விநோதமான நேரங்களாக வருவார்கள், அவர்களை நீக்குங்கள். வேலை முடிந்ததும் எண்களை அழித்துவிடுங்கள்.

மூன்றாவது, கூகுள் மேப்ஸ். கிளம்பும்போது அது காட்டும் நிமிடங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டே வரலாம். கார், டூவீலர் இரண்டுக்கும் தனித்தனி நேரம் காட்டுகிறது. ஆனால் வரைபடத்தின் சிவப்பு, ஆரஞ்சு நிறங்களை அளவாக எடுக்காதீர்கள். அது சாலையில் உள்ள போன்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதிலிருந்து வருகிறது. 2020-இல் ஜெர்மானியக் கலைஞர் ஒருவர் 99 பழைய போன்களை ஒரு கைவண்டியில் போட்டு பெர்லின் தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார், காலியான தெரு வரைபடத்தில் சிவப்பாக மாறியது.

எத்தனை நாள்? குறைந்தது 20 நாள் எடுக்க முடிந்தால் நல்லது, அதன் காரணம் அடுத்து வருகிறது. வழக்கமான நாள் வேண்டுமென்றால் செவ்வாய் முதல் வியாழன் வரை. திங்கள் காலையும் வெள்ளி மாலையும் தனி ரகம். பள்ளி விடுமுறை, முகூர்த்த நாள், மழை நாள் ஆகியவற்றைக் குறித்துத் தனியாக வையுங்கள், தூக்கிப்போடாதீர்கள். கல்யாண மண்டபங்கள் வரிசையாக உள்ள சாலையில் முகூர்த்த நாள் என்பது அந்தச் சாலையின் குணம். பொங்கலுக்கு முந்தின இரவு சென்னையை விட்டுக் கிளம்புகிற வண்டிகளால் பெருங்களத்தூரில் நடப்பதையும் சாதாரண செவ்வாய்க்கிழமையையும் ஒரே சராசரியில் போட்டால் இரண்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாது.

வேகத்தைச் சராசரி போடும்போது ஒரு எச்சரிக்கை. 3 கிலோமீட்டரை ஒரு வண்டி மணிக்கு 60-இல் 3 நிமிடத்தில் கடக்கிறது, இன்னொன்று 20-இல் 9 நிமிடத்தில் கடக்கிறது. 60-ஐயும் 20-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 40 என்று எழுதக்கூடாது. சராசரி நேரம் 6 நிமிடம், அப்படியானால் சராசரி வேகம் 30. எப்போதும் நேரங்களைச் சராசரி போட்டுவிட்டுப் பிறகு வேகத்துக்கு மாற்றுங்கள். சாலையோர ராடார் துப்பாக்கி அளவுகளை நேராகக் கூட்டிச் சராசரி போட்டால் சாலை இருப்பதைவிட வேகமாகத் தெரியும்.

6. நம்பகத்தன்மை

சராசரி 13 நிமிடம் என்று ஒருவரிடம் சொன்னால் அவர் 13 நிமிடம் முன்னால் கிளம்ப மாட்டார். போன வாரம் ஒரு நாள் 21 நிமிடம் ஆனது அவருக்கு நினைவில் இருக்கும். 20 நாள் நேரங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிப் பத்தொன்பதாவதை எடுங்கள், அதுதான் இருபதில் பத்தொன்பது நாள் போதுமான நேரம். அது 21, சராசரி 13 என்றால், வித்தியாசமான 8 நிமிடத்தை 13-ஆல் வகுக்க 62 சதவீதம். இந்த 62 சதவீதம்தான் மக்கள் தினமும் கையிருப்பாக எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம். தினமும் 15 நிமிடம் ஆகிற சாலையைச் சகித்துக்கொள்ளலாம். ஒரு நாள் 9, ஒரு நாள் 25 ஆகிற சாலையை வைத்துக்கொண்டு பரீட்சைக்கோ டயாலிசிஸுக்கோ கிளம்ப முடியாது. என்னைக் கேட்டால், சராசரியைக் குறைப்பதற்கு முன் இந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்பேன். பழுதான பஸ்ஸை உடனே இழுத்துப் போடுவது போன்ற மலிவான வேலைகள் இங்கே பலன் தரும்.

7. சிக்னல் தாமதம்

ஒரே ஒரு சந்திப்புதான் உங்கள் பிரச்சினை என்றால் முழுச் சாலையையும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில், சந்திப்புக்கு வருகிற சாலைகளில் நீங்கள் அளக்கும் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் வண்டிகளை மட்டும் எண்ணிக்கொண்டே வர வேண்டும். இடைவெளி 10 முதல் 20 விநாடிக்குள் இருக்கட்டும். ஆனால் சிக்னல் சுற்றை (ஒரு பச்சை தொடங்கி அடுத்த பச்சை தொடங்கும் வரையான நேரம்) அது மீதமில்லாமல் வகுக்கக்கூடாது. சுற்று 120 விநாடி என்றால் 15 வேண்டாம், ஒவ்வொரு சுற்றிலும் அதே கட்டத்தில் போய் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். 16 வையுங்கள்.

16 விநாடிக்கு ஒருமுறை, 16 நிமிடம், மொத்தம் 60 முறை எண்ணுகிறீர்கள். எண்ணியதையெல்லாம் கூட்டினால் 1,800 வருகிறது என்று வைப்போம். அதை 16-ஆல் பெருக்க 28,800 வண்டி விநாடிகள். இந்த முறையில் சற்றுக் கூடுதலாகவே வரும் என்பதால் 0.9-ஆல் பெருக்கச் சொல்கிறது அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு, 25,920. அந்த 16 நிமிடத்தில் வந்த வண்டிகள் 320 என்றால், ஒரு வண்டிக்கு 81 விநாடி. சிக்னல் சந்திப்புக்கு 80 விநாடியைத் தாண்டினால் அந்தக் கையேட்டின் கணக்கில் தரம் "எஃப்", ஏ-யில் தொடங்கும் வரிசையில் கடைசி.

டூவீலர்கள் ஊர்ந்து முன்னால் போய்க்கொண்டே இருக்கும் என்பதால் அவற்றைத் தனியாக ஒருவர் எண்ணட்டும். பீக் ஹவரில் காவலர் கையால் சிக்னலை இயக்கினால் சுற்றின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும், அதைத் தவறாமல் குறியுங்கள். இன்னொரு எளிய சோதனையும் உண்டு. பச்சை விழும் கணத்தில் வரிசையின் கடைசி வண்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது அந்தப் பச்சையிலேயே கடந்ததா, அடுத்த சிவப்பில் மாட்டியதா? பத்துச் சுற்றில் எத்தனை சுற்று மாட்டியது என்று சொன்னாலே கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

8. வரிசையின் தலையைத் தேடுங்கள்

நெரிசலில் நிற்கிறவர் பார்ப்பது வால். காரணம் இருப்பது தலையில். எந்தப் புள்ளியைத் தாண்டியதும் வண்டிகள் சட்டென்று வேகமெடுக்கின்றனவோ, அதற்குச் சற்று முன்னால்தான் விஷயம் இருக்கும். சிக்னலைத் தாண்டியதுமே உள்ள பஸ் நிறுத்தம், யு டர்ன், மூன்று தடம் இரண்டாகும் இடம், மேம்பாலம் இறங்கும் இடத்திலேயே இடப்பக்கம் திரும்ப வேண்டிய வண்டிகளும் நேராகப் போகிறவையும் குறுக்கிடுவது, தண்ணீர் தேங்கிய பள்ளம். வால் கிண்டியில் இருக்கிறது என்பதற்காகக் கிண்டியில் சாலையை அகலப்படுத்தச் சொன்னால், நிற்பதற்கு இன்னும் அகலமான இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

தலையே இல்லாத நெரிசலும் உண்டு. ஜப்பானில் சுகியாமா குழுவினர் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் போகச் சொல்லிப் பார்த்தார்கள், 2008-இல் வெளியான ஆய்வு. சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, கொஞ்ச நேரத்தில் தானாகவே நிற்பதும் நகர்வதுமான அலை உண்டாகிப் பின்னோக்கி நகர்ந்தது. புறவழிச் சாலைகளில் இது நடக்கும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற நகரச் சாலையில் பெரும்பாலும் தலையைக் கண்டுபிடித்துவிடலாம்.

9. வண்டிகளை ஆட்களாக மாற்றுங்கள்

எழுதி அனுப்பும் முன் ஒரு கணக்கு பாக்கி. நாலாவது படியில் போட்ட அதே 600 வண்டிகளை எடுங்கள். டூவீலருக்கு 1.3 பேர், காருக்கு 1.5, ஆட்டோவுக்கு 2, பஸ்ஸுக்கு 50 என்று வைத்துப் பாருங்கள் (உங்கள் சாலையில் நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், பஸ்ஸில் காலை நேரத்தில் இதற்கு மேலும் இருக்கும்). 520, 195, 120, 500, மொத்தம் 1,335 பேர். பி.சி.யு. கணக்கில் 4 சதவீதம்கூட இல்லாத அந்த 10 பஸ்களில்தான் 37 சதவீதம் பேர் இருக்கிறார்கள். வண்டிக்கு இத்தனை விநாடி தாமதம் என்று மட்டும் எழுதினால் 50 பேர் உள்ள 21ஜி பஸ்ஸும் ஒருவர் மட்டும் உள்ள எஸ்.யு.வி.யும் சமம். ஒவ்வொரு வகையின் தாமதத்தையும் அதில் உள்ள ஆட்களால் பெருக்கி, ஆள் நிமிடங்களாக ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். எந்தத் தீர்வை முதலில் கேட்க வேண்டும் என்பதே இதனால் மாறக்கூடும்.

10. அனுப்புவது

ஒரே பக்கம் போதும். மேலே அந்த ஒரு வரிக் கேள்வி. அடுத்து எதோடு ஒப்பிட்டீர்கள் என்பது, பிறகு தேதிகள், நேரம், வானிலை, எண்ணியவர்கள் எத்தனை பேர். அதன் கீழே பயண நேரக் குறியீடு, இருபதில் பத்தொன்பது நாளுக்கான நேரம், வரிசையின் தலை இருக்கும் இடம், ஆள் நிமிடங்கள். சிக்னல் நேரம், பார்க்கிங், யு டர்ன் என்றால் போக்குவரத்துக் காவல் துறைக்கு. சாலையின் அமைப்பு என்றால் அது மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பார்த்து அந்த அலுவலகத்துக்கு. பல துறைகளைத் தொடுகிற விஷயமென்றால் நகல் ஒன்றைச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டாவுக்கும் அனுப்பலாம், துறைகளை ஒருங்கிணைக்கத்தான் அந்தக் குழுமம். அதே சாலைக்கு அரசு ஏற்கெனவே எடுத்த வாகன எண்ணிக்கை இருந்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் எண்ணும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால், முதலில் இருவரும் எந்த இடத்தில் நின்று எண்ணினீர்கள் என்று பாருங்கள். கையால் எழுதிய தாள்களை ஸ்கேன் செய்து மனுவோடு இணைத்துவிடுங்கள். வீடியோவைப் பதில் வரும்வரை அழிக்காதீர்கள்.